கறையான் தின்ற கரிக்கோச்சி: ஒரு டிஜிட்டல் சித்திரத்தின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்துதான் இந்த வேலை தொடங்கியது. காணி உறுதிகள் வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் இருந்து அன்ரி ஒரு படத்தை எடுத்துத் தந்தார். தபாலட்டை அளவு, கறுப்பு வெள்ளை. பிளாட்போமில் ஒரு கரிக்கோச்சி, கரி எரித்து நீராவியில் ஓடும் ரயில், நிற்கிறது. எஞ்சினின் வலப்பக்கம் முழுக்கத் தெரிகிறது, முகம் படத்தின் வலது ஓரத்தில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சாரதி ஏறும் இடத்துக்குக் கீழே, தோளில் துணியோடு ஒருவர் நிற்கிறார். அவர்தான் அன்ரியின் அப்பா. எஞ்சினில் நெருப்பைப் பார்க்கும் பயர்மனாக வேலை செய்தவர்.

வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய காலத்திலேயே படத்தின் கீழ்வலது மூலையைக் கறையான் தின்றிருந்தது. மிச்சத்தை 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உறுதிகளோடு சேர்த்து நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்பாவின் வேலையைக் காட்ட அந்தக் குடும்பத்திடம் வேறு ஒரு படமும் இல்லை.

அன்ரி கேட்டது இதுதான்: "இந்த எஞ்சினைப் புதுசு மாதிரி, வடிவாய், இரண்டடி அகலத்துக்குக் கீறித் தாரும் தம்பி. அப்பாவைக் கீற வேண்டாம். முகம் பிழைச்சுப் போனால் எனக்குத் தாங்காது." கனடாவில் இருக்கும் தன் தம்பிக்கும் ஒன்று வேண்டும், அது எஞ்சினின் மற்றப் பக்கமாக இருந்தால் நல்லது என்றார். நான் இரண்டு மாதம் கேட்டேன். முடிக்க நாலு மாதத்துக்குக் கிட்டப் போயிற்று. அந்த நேரம் எங்கே போனது, எதைப் பிழையாகச் செய்தேன், எப்படித் திருத்தினேன் என்பதை இதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

எது என்று தெரியாமல் கீற முடியாது

வடக்குப் பாதையின் கதையை ஒரு பந்தியில் சொல்லிவிடலாம். காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11 அன்று திறந்தது. 1905 ஓகஸ்ட் 1 முதல் தெற்கோடு தொடர்ந்து இணைந்தது. தூரப் பயண வண்டிகளை இழுக்கும் டீசல் எஞ்சின்கள் 1950களில் வந்தன, 1956 ஏப்ரல் 23 அன்று கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே யாழ்தேவி கடுகதி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போரால் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபர் 13 அன்றுதான் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குத் திரும்பவும் கோச்சி வந்தது. இடையில் 24 வருடம். அந்தக் காலத்தில் இங்கே பிறந்து வளர்ந்த என் வயதுக்காரருக்குக் கரிக்கோச்சி என்பது பெரியவர்களின் வாயில் இருந்த சொல் மட்டும்தான். அதனால் எஞ்சினைக் "கிட்டத்தட்ட" கீறிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பார்த்தவர்கள் குறைந்து போகிறார்கள். இனி வருகிறவர்கள் சித்திரத்தைத்தான் நம்பப் போகிறார்கள்.

படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தேன். எண் தகடு இருக்க வேண்டிய இடம், சாரதி நிற்கும் அறையான கப்பின் பக்கச்சுவர். அங்கேதான் அப்பா நிற்கிறார், எண் அவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எஞ்சினின் முன்பக்கக் குறுக்குப் பலகையான பஃபர் பீமின் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. சக்கரங்களை எண்ணினால் இணைத்து ஓடும் பெரிய சக்கரங்கள் பக்கத்துக்கு 3, முன்னால் போகி, அதாவது நாலு சின்னச் சக்கரங்கள் பூட்டிய சட்டம், ஒன்று. போகியின் முன் சக்கரம் தின்றுபோன இடத்தில் இருந்தது, பின் சக்கரம் பாதி தப்பியிருந்தது. இது 4-6-0 என்று சொல்லும் அமைப்பு: முன்னால் சின்னச் சக்கரம் 4, பெரிய சக்கரம் 6, பின்னால் ஒன்றும் இல்லை. இலங்கையில் பயணிகள் வண்டி இழுத்த 4-6-0 வகைகளில் பேர்போனது B1. ஆளுநர்களின் பெயர் தாங்கிய எஞ்சின்கள் உள்ள குடும்பம் அது. 340 ஆம் இலக்கத்துக்கு பிரெடெரிக் நோர்த், 251 ஆம் இலக்கத்துக்கு சேர் தோமஸ் மெயிற்லண்ட். இரண்டு எஞ்சினும் இன்னும் தப்பியிருக்கின்றன.

B1 தான் என்று எப்படி உறுதி செய்வது? கப்பின் வளைவும் புகைபோக்கியின் வடிவமும் ஒத்துவந்தன. ஆனால் பழைய படத்தில் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும். அப்புறம்தான் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று கைகொடுத்தது. ஒரே நேர்கோட்டில் நாலு புள்ளிகள் இருந்தால், கமரா எந்தக் கோணத்தில் நின்றாலும் அவற்றின் குறுக்கு விகிதம் மாறாது. தூரங்கள் சுருங்கும், நீளும், அந்த ஒரு விகிதம் மட்டும் அப்படியே இருக்கும். போகியின் பின் சக்கரமும் பிறகு மூன்று பெரிய சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொடும் இடங்கள், இவைதான் என் நாலு புள்ளி. 1 முதல் 3 வரையான தூரத்தை 2 முதல் 4 வரையான தூரத்தால் பெருக்க வேண்டும். அதை, 2 முதல் 3 வரையும் 1 முதல் 4 வரையும் உள்ள தூரங்களின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். ஸ்கானில் அளந்து ஒரு எண் எடுத்தேன். கொழும்புக்குக் கோச்சி ஏறி, பழைய எஞ்சின்கள் நிற்கும் தெமட்டகொடைக் கொட்டகையில் அனுமதி வாங்கி, தப்பியிருக்கும் எஞ்சினின் அச்சுகளுக்கு இடையே நாடா பிடித்து அதே எண்ணைத் திரும்ப எடுத்தேன். ஸ்கானில் ஒரு பிக்சல் அங்கே இங்கே போனால் வரக்கூடிய வித்தியாசத்துக்குள் இரண்டும் அடங்கின. வகையைப் பற்றிய சந்தேகம் அன்றோடு போய்விட்டது. எந்த எஞ்சின் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

அன்று அங்கே அளவெடுத்ததோடு, ஒரே நிலையில் நின்ற எஞ்சினின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், கண்ணில் பட்டதால்தான். பின்னால் அந்தப் படங்கள்தான் என்னைக் காப்பாற்றின.

முதல் வரைவு

வேலை நடந்த முறை இது. பக்கத்தோற்றத்தை இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் கோடுகளாக, முழு அளவு விகிதத்தில் வரைந்தேன். பழைய படத்தின் கமரா எங்கே நின்றது, எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதை, படத்தில் இருந்து கமராவின் இடத்தைக் கண்டுபிடிக்கும் எஃப்ஸ்பை மென்பொருளில் பிளாட்போம் விளிம்பையும் தண்டவாளத்தையும் வைத்து எடுத்தேன். தண்டவாளங்களுக்கு இடையேயான 1676 மில்லிமீற்றர் எனக்குக் கிடைத்த நிச்சயமான அளவுகோல். வடக்குப் பாதையில் அது அன்றும் இன்றும் ஒன்றுதான். அந்தக் கமராவை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வைத்து, பக்கத்தோற்றத்தை அதற்குள் நிறுத்தி, கிடைத்த கோட்டை வழிகாட்டியாக்கி, கிரிட்டா என்ற சித்திர மென்பொருளில் வண்ணம் பூசினேன். ஏ2 அளவுக்கு 300 டிபிஐயில் 4961 × 7016 பிக்சல் வரும். என் பழைய கணினி அதைத் தாங்கத் திணறியதால் எஞ்சினையும், அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரையும் தனித்தனிக் கோப்பாக வைத்தேன்.

கறையான் தின்ற மூலையில் போனவை சிலிண்டரும், பிஸ்டனோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடும் குறோஸ்ஹெட்டும், வால்வு இயக்கத்தின் முன்பாதியும். எஞ்சினில் அசைகிற உறுப்புகள் எல்லாம் கூடுகிற இடம் அது. அங்கே நான் சோம்பல் பட்டேன். வேறு ஒரு படத்தில் தெளிவாகத் தெரிந்த அந்தப் பகுதியை அப்படியே பார்த்து வரைந்து, இங்கே பொருத்திவிட்டேன். பார்க்க அழகாய்த்தான் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டும் மினுங்கியது.

இணுவிலில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர், 1960களில் பயர்மனாகச் சேர்ந்து பிறகு சாரதியானவர். அன்ரிதான் அவரிடம் அனுப்பினார். அச்செடுத்த தாளைக் கதிரையில் இருந்தபடி வாங்கி, கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது.

"தம்பி, இது வெளிக்கிடாது."

ஏன் ஐயா என்றேன். விரலை நடுச் சக்கரத்தில் வைத்தார். "கிராங்க் பின் இங்க, கீழ, பின்பக்கம் நிக்குது. அப்ப குறோஸ்ஹெட் எங்க நிக்கவேணும்? நீர் அதைக் கொண்டுபோய் முன்னுக்கு முட்டவைச்சிருக்கிறீர். கொனெக்டிங் ரொட் என்ன, இழுபடுகிற ரப்பரோ?"

கிராங்க் பின் என்பது சக்கரத்தில் கம்பி பூட்டும் முளை, கொனெக்டிங் ரொட் அதைக் குறோஸ்ஹெட்டோடு இணைக்கும் கம்பி. சக்கரங்களின் நிலை பழைய படத்தில் இருந்து வந்தது. முன்பாதி வேறு ஒரு எஞ்சின், வேறு ஒரு நொடியில் நின்ற நிலையில் இருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தால் கம்பியின் நீளம் பொருந்தாது. இங்க்ஸ்கேப்பில் அளந்து பார்த்தேன். என் சித்திரத்தில் கொனெக்டிங் ரொட் இருக்க வேண்டியதைவிட ஒரு சாணுக்கு மேல் நீண்டிருந்தது.

திருத்துவதற்கு வேறு எந்தப் படமும் தேவைப்படவில்லை. சக்கரத்தின் கோணம் தெரிந்தால் மற்ற எல்லாம் அதில் இருந்து பிறக்கும். கிராங்க் பின்னை மையமாக வைத்து, ரொட்டின் நீளத்தை ஆரையாக வைத்து ஒரு வட்டம் போட்டால், சிலிண்டரின் மையக்கோட்டை அது வெட்டும் இடம்தான் குறோஸ்ஹெட். பென்சிலாலும் கவராயத்தாலும் செய்யக்கூடிய வேலை.

வால்வு இயக்கம் அவ்வளவு எளிதல்ல. இந்த எஞ்சின்களில் வெளியே தெரிவது வால்ஷார்ட்ஸ் முறை. பெல்ஜியத்தில் எகிட் வால்ஷார்ட்ஸ் 1844இல் உருவாக்கியது. நீராவியை எந்த நொடியில் உள்ளே விடுவது, எந்த நொடியில் நிறுத்துவது என்பதை அது தீர்மானிக்கிறது. இரண்டு அசைவுகள் அங்கே கூடுகின்றன. ஒன்று குறோஸ்ஹெட்டில் இருந்து ஒரு நெம்பு வழியாக வருகிறது. மற்றது கிராங்க் பின்னின் தலையில் பொருத்திய சின்னக் கையில் இருந்து ஒரு தடி வழியாக, வளைந்த லிங்க் ஒன்றுக்குப் போகிறது. அந்த லிங்க் நடுவில் ஊஞ்சல் போலத் தொங்கி முன்னும் பின்னும் ஆடும். அதற்குள் ஏறி இறங்கும் ஒரு கட்டை இருக்கிறது. அது நடுவுக்குக் கீழே நிற்கிறதா மேலே நிற்கிறதா என்பதில்தான் எஞ்சின் முன்னுக்குப் போகுமா பின்னுக்குப் போகுமா என்பது இருக்கிறது.

நான் அந்தக் கட்டையை ஒரு முனையில் வைத்திருந்தேன். பெரியவர் அதையும் பிடித்தார். "இந்தக் கோச்சி நிக்குது. பயர்மன் கீழ இறங்கிப் படத்துக்கு நிக்கிறான். அப்படி நிக்கேக்க சாரதி லீவரை நடுவில போட்டுத்தான் விடுவான். சிலிண்டர் குழாயையும் திறந்து விடுவான். இல்லாட்டி நீராவி கசிஞ்சு தானா நகர்ந்திடும்." ஆக, கட்டை லிங்கின் நடுவில், கட்டையில் இருந்து வால்வுப் பக்கம் போகும் ரேடியஸ் ரொட் நேராக, சிலிண்டரின் அடியில் மெல்லிய நீராவி. ஒரு மனிதன் கீழே இறங்கி நிற்கிறான் என்ற ஒரே தகவலில் இருந்து மூன்று உறுப்புகளின் நிலை கிடைத்தது.

மற்றப் பக்கம்

தம்பிக்கான படத்துக்கு வலப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பிவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு கட்டளை, ஒரு நொடி. கணினியில் எஞ்சின் வரைகிறவர்களில் இந்தப் பிழையைச் செய்யாதவர் குறைவு என்று இப்போது இணையத்தில் பார்க்கும்போது தெரிகிறது.

"ஆள் இரண்டு காலையும் ஒண்டாத் தூக்கி நடக்கிறதோ தம்பி?" என்றார் பெரியவர்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கக் கிராங்குக்கும் மற்றப் பக்கக் கிராங்குக்கும் 90 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் நின்றால், பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றாகவே ஓரத்தில் போய் முட்டி நிற்கும் நேரம் வரும். அப்போது எவ்வளவு நீராவி விட்டாலும் சக்கரம் அசையாது. 90 பாகை தள்ளி வைத்தால் ஒன்று முட்டி நிற்கும்போது மற்றது முழுப் பலத்தோடு தள்ளும். சக்கரம் ஒருமுறை சுற்ற நாலு அடி கேட்பதும் இதனால்தான். சின்னப் பிள்ளைகள் கோச்சி விளையாடும்போது வாயால் போடும் தாளம் அந்த நாலு அடி.

சரி, 90 பாகை. ஆனால் வலது முந்துமா, இடது முந்துமா? இங்கேதான் தெமட்டகொடையில் ஒரே நிலையில் எடுத்த இரண்டு பக்கப் படங்களும் உதவின. பக்கத்தில் பக்கம் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. இடப்பக்கத்தின் எல்லாக் கம்பிகளையும் புதிதாகக் கணக்கிட்டு வரைந்தேன். அதற்கு மட்டும் பன்னிரண்டு நாள் போனது. சக்கரங்களில் பிறை மாதிரி இருக்கும் எதிர்ப்பாரங்களையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும், அவை கிராங்க் பின்னுக்கு நேர் எதிரே நிற்பவை. நடுச் சக்கரத்தில் பிறை பெரிது, ஏனென்றால் கொனெக்டிங் ரொட்டின் பாரமும் அதில்தான் விழுகிறது.

நிறமும் புகையும்

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தேடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தின் இடது ஓரத்தில் கோச்சியின் கார்ட் ஒருவர் இரண்டு கொடிகளைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறார். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை, அது எல்லாருக்கும் தெரியும். படத்தில் ஒரு கொடி ஏறக்குறையக் கறுப்பு, மற்றது வெளிறிய சாம்பல். பழைய ஓர்தோகுரோமற்றிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பைக் கறுப்பாகவே பதியும். அந்தக் கொடிகளைப் பார்த்த பிறகுதான், கறுப்பு என்று நான் எடுத்துக்கொண்ட பஃபர் பீம் சிவப்பாகவும் இருக்கலாம் என்று பட்டது. இருக்கலாம், அவ்வளவுதான். அன்ரியிடம் எதையும் சொல்லாமல் கேட்டேன். "முன்பக்கப் பலகை சிவப்பு. அப்பா தேய்ச்சுத் தேய்ச்சு வைச்சிருப்பார்" என்றார். பெரியவரும் அதையே சொன்னார். சிவப்புப் பூசினேன்.

கறுப்பு எஞ்சினுக்குக் கறுப்பு வண்ணம் போட்டால் அது ஓட்டை மாதிரித்தான் தெரியும். பொயிலரின் மேல்வளைவில் வானத்தின் நீலம் விழுகிறது. கீழ்வளைவில் நிலத்தின் நிறம் விழுகிறது, கொண்டாவில், இணுவில் பக்கத்தில் அது செம்மண். அந்தச் சிவந்த தவிட்டு நிறத்தைப் பொயிலரின் அடியில் மெல்லியதாக ஓடவிட்டதும் எஞ்சின் எங்கள் ஊரில் வந்து நின்றது. முன்னால் இருக்கும், புகை சேரும் பகுதியான ஸ்மோக்பொக்ஸுக்கு இந்த மினுக்கம் கூடாது. பொயிலரைச் சுற்றி வெப்பம் தாங்கும் உறையும் அதன் மேல் தகடும் இருக்கும், ஸ்மோக்பொக்ஸுக்கு அது இல்லை. சூட்டில் பூச்சு கருகி, மங்கிய சாம்பல் கலந்த கறுப்பாய் நிற்கும். ஒரே கறுப்பில் இந்த இரண்டு விதத்தையும் பிரித்துக் காட்டினாலே பார்ப்பவருக்கு எது சூடான இடம் என்று தெரிந்துவிடும்.

புகையில்தான் அன்ரிக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. அவருக்கு வானம் மறைக்கிற கரும்புகை வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் வரைந்தேன், நீராவியையும் பஞ்சு மூட்டையாய்க் குவித்திருந்தேன். நான் பார்த்துப் பழகிய படங்கள் எல்லாம் இங்கிலாந்தின் மாரிகாலத்தில் எடுத்தவை. அந்தக் குளிரில் நீராவி அப்படித்தான் நிற்கும். எங்கள் வெயிலில் வால்வை விட்டு வந்த நீராவி முதலில் கண்ணுக்கே தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையாகும், வெள்ளையானதும் கரைந்துவிடும். கரும்புகை பற்றிப் பெரியவர் சொன்னது வேறு. கறுப்பாய் வருவது எரியாத கரி. ஸ்ரேசனில் நிற்கும்போது கரும்புகை கக்கினால் பயர்மனுக்கு ஏச்சு விழும். நெருப்பை மெல்லியதாகப் பரப்பி, அளவாய்க் காற்று விட்டு, புகைபோக்கிக்கு மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருப்பவன்தான் நல்ல பயர்மன்.

அதை அன்ரியிடம் போய்ச் சொன்னேன். பழைய படத்தைத் திரும்ப எடுத்து, புகைபோக்கிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வானம். "அப்ப புகை வேண்டாம்" என்றார்.

அச்சில் முதல் தடவை பிழைத்தது. திரையில் தெரிந்த நீலமும் செம்மண்ணும் தாளில் ஒரே கருமையாய் அப்பிக்கொண்டன. இருட்டான இடங்களைத் திரையில் வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, சின்னத் துண்டாய் அச்செடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் சரிக்கட்டினேன்.

எண்

கடைசியில் நின்றது எண் தகடு. அப்பா இல்லாமல் எஞ்சினை மட்டும் வரைந்தால் கப்பின் பக்கச்சுவர் வெளியே தெரியும், அங்கே ஒரு எண் இருந்தாக வேண்டும். 251 போடுங்கோ, 340 போடுங்கோ என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவை இரண்டும் உண்மையான எஞ்சின்கள், அவற்றுக்கென்று தனி வாழ்க்கை இருக்கிறது. அன்ரியின் அப்பா அவற்றில் வேலை செய்தாரா என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இல்லாத எண் ஒன்றைக் கற்பித்துப் போடுவது அதைவிட மோசம். வெறும் தகடாய் விட்டால் கடையில் விற்கும் பொம்மை மாதிரி இருந்தது.

எண்ணை மறைத்துக்கொண்டு நிற்பவர் ஒருவர் இருக்கிறாரே என்று அன்ரியிடம் மெல்லச் சொன்னேன். நிழல் விழுந்த முகம், படத்தில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் வரைவேன், ஒரு கோடு கூட்டமாட்டேன் என்றேன். அவர் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தொலைபேசியில் வந்தார். "தோளில போட்டிருக்கிற துணி வெள்ளை இல்லை தம்பி. எண்ணெய் பட்டுப் பட்டு மஞ்சளாப் போயிருக்கும். அதை மட்டும் சரியாக் கீறும்."

வலப்பக்கப் படத்தில் அவர் கப்புக்குக் கீழே, பழைய படத்தில் நின்ற அதே இடத்தில், தோளில் மஞ்சள் துணியோடு நிற்கிறார். தம்பிக்கான இடப்பக்கப் படத்தில், திறந்திருக்கும் வாசல் வழியாக மற்றப் பக்கம் நிற்பவரின் தொப்பி கொஞ்சம் தெரியும். அந்தப் பக்க எண் தகட்டில் வெயில் பட்டுக் கண்கூசுகிற மாதிரி ஒளியைப் போட்டு விட்டிருக்கிறேன். என்றைக்காவது ஒரு பழைய சம்பளச் சீட்டிலோ கடிதத்திலோ இலக்கம் கிடைத்தால் மாற்றலாம் என்று அந்த ஒளியைத் தனி லேயராக வைத்திருக்கிறேன்.